கோயில் வீதியும் மேளச் சமாவும்

கலைகளுட் சில எவ்விடத்து வைக்கப்படினும் தம் இயல்பிற் பெரிதும் திரியாதன. ஓவியம் ஒன்றை ஒரு சுவரினின்றும் எடுத்து மற்றொரு சுவரில் மாட்டலாம். செய்யுள் ஒன்றை ஏட்டினின்றும் அச்சுநூலுக்கு மாற்றலாம். வேறு சில கலைகளோ தாம் வளர்ந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்தவுடன், புறத்தோற்றத்தில் முன்போலவே காணப்பட்டும், உள்ளீட்டில் மாறிவிடுவன. யாழ்ப்பாணத்து நாதசுர தவிலிசை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் இடம் கோயில் வீதி. அதன் காலம் திருவிழா இரவு. அதன் அவை, கட்டணம் எதுவும் செலுத்தாது மணலில் அமர்ந்திருக்கும் ஊர்மக்கள். இம்மூன்றினையும் ஒதுக்கிவிட்டு அவ்விசையை மட்டும் தனியே எடுத்து மதிப்பிட முயல்வோர் அதன் பாதியையே காண்பர்.

எனினும், இசைத் திறனாய்வு என்ற பெயரில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை அரங்கக் கச்சேரியையே அளவுகோலாகக் கொள்வன. சென்னைச் சபைகளிலும் கொழும்பு மண்டபங்களிலும் நிகழும் வாய்ப்பாட்டுக் கச்சேரிகளைப் பற்றி நுணுகி எழுதுவோர், இணுவில், அளவெட்டி, மாவிட்டபுரம், சாவகச்சேரி முதலிய ஊர்களின் கோயில் வீதிகளில் விடியுமட்டும் நிகழ்ந்த மேளச் சமாக்களைத் திருவிழாச் சிறப்புக்களுள் ஒன்றாக ஒரு வரியிற் குறிப்பிட்டு அமைவர். வாணவேடிக்கையும் சோடனையும் எவ்வரிசையில் எண்ணப்படுகின்றனவோ அவ்வரிசையிலேயே மேளமும் எண்ணப்படுகின்றது. சிற்றூர் வீதி ஒன்று பேரரங்குகளுக்கு நிகரான இசையை எங்ஙனம் வளர்த்தது, அவ்வளர்ச்சிக்குக் காரணமாய் நின்றவை யாவை, அவை இன்று எந்நிலையில் உள்ளன என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

முதற்கண் மேளம் என்னும் சொல்லின் பொருள் தெளிதல் வேண்டும். ஈழத்து வழக்கில் அது ஒரு கருவியை மட்டும் குறிப்பதன்று. நாதசுரம், தவில், தாளம், சுருதி ஆகிய நான்கும் கூடிய குழுவையே குறிக்கும். ஆடல் மகளிரின் சின்னமேளத்தினின்றும் பிரித்துணர்த்தற்பொருட்டு இதனைப் பெரியமேளம் என்றனர். நாதசுரம் எனவும் நாதஸ்வரம் எனவும் இன்று வழங்கும் பெயர் பழைய வழக்கில் நாகசுரம் என்றே காணப்படும். ஆச்சா மரத்திற் கடைந்த குழலும், நாணற் றண்டினாற் செய்த சீவாளியும் கொண்டது அக்கருவி. தவிலோ பலா மரத்திற் குடைந்த குடத்தின் இருபுறமும் தோல் வார்ந்தது. ஒரு கையின் விரல்களிற் கூடணிந்தும் மறு கையிற் கழி பிடித்தும் வாசிக்கப்படுவது. சுருதிக்கு முன்னாளில் ஒத்து என்னும் நெடுங்குழல் மூச்சு இடையறாது ஊதப்பட்டது. பின்னர்ச் சுருதிப்பெட்டி வந்தது. இன்று மின்கருவி அவ்விடத்தைப் பிடித்துள்ளது.

இக்கருவிகள் இரண்டும் இயல்பாகவே பேரொலி உடையன. நான்கு சுவர்களுக்குள் அடைத்து வாசிப்பின் அவற்றின் ஒலி சுவரில் மோதி ஒன்றையொன்று மறைக்கும். அகன்ற வெளி வீதியில், மேலே வானும் கீழே மணலுமாக உள்ள இடத்தில், அவ்வொலி தனக்கு வேண்டிய தூரத்தைப் பெறுகின்றது. அண்மையில் அமர்ந்தோர் விரலசைவையும் கழியின் வீச்சையும் காண்பர். அப்பால் அமர்ந்தோர் இராகத்தின் வடிவத்தைக் கேட்பர். தொலைவில் உள்ள வயல்வரம்பில் நிற்போனுக்கும் இன்ன இராகம் வாசிக்கப்படுகின்றது என்பது தெரியும். கருவிக்கும் இடத்துக்கும் உள்ள இப்பொருத்தத்தை அறியாதார், மேளம் செவியைத் துளைக்கும் முரட்டு வாத்தியம் என்பர். அவர்கள் கேட்ட இடம் தவறியதேயன்றிக் கருவி தவறியதில்லை.

மேளத்தின் பணி இருவகைப்படும். ஒன்று கிரியையோடு இயைந்தது. மற்றொன்று சமா எனப்படுவது. கிரியையில் ஒவ்வொரு செயலுக்கும் உரிய இசை வரையறுக்கப்பட்டுள்ளது. சுவாமி எழுந்தருளும்போது சொற்கள் இல்லாத மல்லாரி கம்பீரநாட்டை இராகத்தில் முழங்கும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் தளிகைக்கும் தனித்தனி மல்லாரிகள் உள. வீதிவலத்தின்போது இராக ஆலாபனையும் கீர்த்தனையும் தேவார திருப்புகழும் இடம்பெறும். விடியலிற் பூபாளமும் பள்ளியறையில் நீலாம்பரியும் வாசிக்கப்படும். இம்முறை கோயிலுக்குக் கோயில் சிறிது வேறுபடுமாயினும், இசை காலத்தையும் செயலையும் தழுவி நிற்றல் எங்கும் பொதுவானது. ஊரிற் பிறந்த குழந்தை ஒன்று இராகங்களின் பெயரை அறியுமுன்னரே, இன்ன ஓசை கேட்பின் சுவாமி வெளியே வருகின்றார், இன்ன ஓசை கேட்பின் நடை சாத்தப்படுகின்றது என அறிந்துகொள்ளும். எழுத்தறியாதாரும் இராகம் அறிந்தமைக்கு இதுவே அடிப்படை. எந்த இசைப் பள்ளியும் இத்துணை இளமையில், இத்துணை இயல்பாகக் கற்பித்ததில்லை.

கிரியை வளர்த்த செவிக்கு விருந்தாக அமைவது சமா. சுவாமி இருப்பிடம் சேர்ந்த பின்னர், அன்றைய திருவிழாவின் உபயகாரர் அழைத்த வித்துவான்கள் வீதியிலிட்ட பந்தலில் அமர்வர். பூங்காவனம் முதலிய விசேட நாள்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் மாறி மாறி வாசிக்கும். இரவு 10 மணிக்குத் தொடங்கிய வாசிப்பு விடிவெள்ளி தோன்றும்போதும் முடியாதிருத்தல் முன்னாளிற் பெருவழக்கு. பாய் கொண்டுவந்தோர் பாயிலும், ஏனையோர் மணலிலும் அமர்வர். சிறுவர் தாய்மார் மடியில் உறங்குவர். கச்சான் விற்போர் கூட்டத்தின் ஓரத்தில் விளக்கேற்றி இருப்பர். எவரும் எந்நேரத்தும் வரலாம். எந்நேரத்தும் எழுந்து போகலாம்.

இவ்வாறு எழுந்து போகும் உரிமையே கோயில் வீதியின் தனிச்சிறப்பு என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலப்படும். மண்டபக் கச்சேரியிற் கட்டணம் செலுத்தி அமர்ந்தவன் சுவையில்லாவிடினும் அமர்ந்திருப்பான். நடுவில் எழுதல் நாகரிகமன்று என்று கருதுவான். முடிவில் யாவரோடும் சேர்ந்து கைதட்டவும் செய்வான். கோயில் வீதியில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. வாசிப்புத் தளர்ந்தாற் கூட்டம் கடைப்பக்கம் நகரும். வாசிப்பு நிமிர்ந்தால் நகர்ந்த கூட்டம் திரும்பும். வித்துவான் தன் எதிரே உள்ள மணற்பரப்பு நிறைவதையும் குறைவதையும் கண்ணாற் கண்டுகொண்டே வாசிக்கின்றான். நாழிகைதோறும் தேர்வு நடைபெறுகின்றது. அத்தேர்வை நடத்துவோர் தோட்டத்திற் புகையிலையும் வெங்காயமும் பயிரிடுவோரும், கடை வைத்திருப்போரும், பாடசாலை ஆசிரியரும் ஆவர். அவருட் பலர்க்கு இலக்கணம் தெரியாது. தாளம் தப்பினால் மட்டும் தெரியும். முன்வரிசையில் அமர்ந்த முதியவர் ஒருவர் தொடையிற் போடும் தாளம், மேடையில் உள்ளவனுக்கு ஆசிரியன் கைப்பிரம்பை ஒத்தது.

காலமும் இவ்விசைக்கு இன்றியமையாதது. இராகம் ஒன்றைக் கீழ்த்தாயியிற் றொடங்கி, ஒவ்வொரு சுவரத்திலும் நின்று, அதன் உறவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, மேலேறி இறங்குதற்கு அவசரம் உதவாது. தமிழகத்துத் திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898–1956) தோடி இராகத்தை நெடுநேரம் விரித்து வாசித்துப் பெற்ற புகழை அறியாதார் இலர். அத்தகைய விரிவு கேட்போர்க்கு நேரம் உண்டு என்ற நம்பிக்கையிலேயே பிறக்கும். கடிகாரத்தை நோக்கி அமர்ந்திருக்கும் அவைக்கு முன் எத்துணை வல்லோனும் இராகத்தின் சுருக்கத்தையே தர முடியும். திருவிழா இரவு தந்தது பணத்தாற் பெறமுடியாத அந்நேரத்தையே.

இங்ஙனம் இடமும் காலமும் அவையும் கூடி உருவாக்கிய கலைஞருள் மூவரை இங்குக் குறிப்பிடுதல் தகும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) இணுவில் விசுவலிங்கத்தின் மைந்தர், அளவெட்டியில் வாழ்ந்தவர். நாதசுரக் கலைஞர் என். கே. பத்மநாதன் (1931–2003) அளவெட்டியைச் சார்ந்தவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நெடுங்காலம் வாசித்தவர். கே. எம். பஞ்சாபிகேசன் (1924–2015) சாவகச்சேரியின் நாதசுர மரபுக்குப் பெருமை தேடியவர். இம்மூவரும் இசைக் கல்லூரிகளின் படைப்பல்லர். தந்தையும் மாமனும் குருவும் வாசித்த கோயில் வீதிகளிலேயே பயின்று வளர்ந்தவர். இராமநாதன் இசைக் கல்லூரி மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கப்பட்டபோது இவர்கள் ஏற்கெனவே பெயர்பெற்ற வித்துவான்களாய் இருந்தனர். சின்னஞ்சிறு ஊர்கள் சிலவற்றின் செவியே இவர்க்குக் கல்லூரியாயிற்று எனல் மிகையன்று.

தெட்சணாமூர்த்தியின் வாழ்வு 42 ஆண்டும் நிறையாதது. அதற்குள் தமிழகத்து முன்னணி நாதசுரக் கலைஞர்கள் அவரை விரும்பி அழைத்து உடன் வாசிப்பித்தனர். அவருடைய சிறப்பை வேகம் என்று மட்டும் கூறுவோர் உளர், அது குறைமதிப்பீடு. வேகமாக வாசிப்போர் பலர். மிகு வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிவாகக் கேட்குமாறு வாசித்தோர் சிலரே. அவர் கையிற் கணக்கு நாதத்தைக் கெடுக்கவில்லை. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து நடைகளும் மாறி மாறி வந்து தீர்மானத்திற் சேருமிடத்து, கணக்கை எண்ணாதானும் ஏதோ ஒன்று நிறைவுற்றது என உணர்ந்தான். இன்று எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளும் இதற்குச் சான்று. 2015இல் அம்ஷன் குமார் அவரைப்பற்றிய ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அப்பெயர் கடல் கடந்து நினைக்கப்படுதல் சிறிய செய்தியன்று.

ஆயினும் திறனாய்வு என்பது புகழுரை மட்டுமன்று. ஒரு மேதையின் பெருமை அவர்க்குப் பின் வருவோர்க்குச் சுமையாவதும் உண்டு. தெட்சணாமூர்த்தியின் காலத்தில் யாழ்ப்பாணத்து அவை தவிலை நோக்கித் திரும்பியது. பக்கவாத்தியமாய் நின்றது முன்வரிசைக்கு வந்தது. தனியாவர்த்தனமே சமாவின் உச்சம் எனக் கருதும் வழக்கம் வேரூன்றியது. அவரிடத்தில் அது குற்றமாகவில்லை. நாதசுரம் இராகத்திற் கட்டியதை அவர் தாளத்தில் முடித்துவைத்தார். பத்மநாதனின் நிதானமான ஆலாபனையும் கீர்த்தனையில் அமைந்த தெளிவும் அருகிருந்தமையால், தவில் எவ்வளவு உயரினும் நிறைகோல் சாயவில்லை. பிற்காலத்தாரோ முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு முன்னிருந்த கட்டடத்தை மறந்தனர். இராகம் வாசிக்கும்போது கடைப்பக்கம் நின்று உரையாடி, தனி தொடங்கியதும் ஓடிவந்து அமரும் கூட்டம் ஒன்று தோன்றிற்று. அக்கூட்டத்தை நோக்கி வாசிக்கும் கலைஞரும் தோன்றினர். இராகம் 10 நிமிடத்தில் அடங்க, தனி முக்கால்மணி நேரம் நீளுமாயின், அதனைத் தவிலின் வளர்ச்சி எனல் பொருந்தாது. முன்னதாக நாதசுரம் ஒன்றையும் சொல்லாதபோது தவில் எதற்கு விடை கூறும்?

இச்சாய்வுக்குத் துணைசெய்த காரணங்கள் வேறு சில. அவற்றுள் முதலாவது ஒலிபெருக்கி. அதன் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. பெருங்கூட்டத்தின் கடைசியில் நின்ற முதியோரும் நோயுற்று வீட்டிலிருந்தோரும் அதனாற் பயன்பெற்றனர். எனினும், தானே பேரொலி உடைய கருவிக்கு ஒலிபெருக்கி எத்துணை வேண்டும் என்ற கேள்வியை எவரும் கேட்டிலர். மரங்களிற் கட்டிய புனல் வடிவக் கருவிகள் கூரிய ஒலியை மிகுத்தும் தாழ்ந்த ஒலியை விழுங்கியும் தருவன. நாதசுரத்தின் குழைவு கீச்சொலியாகின்றது. தவிலின் தொப்பிப் பக்கத்து ஆழ்ந்த கும்காரம் கேளாதொழிகின்றது. நுண்மை சென்று சேராது என்பதைக் கண்ட வித்துவான், சென்று சேர்வதையே வாசிக்கின்றான். மேற்றாயியும் வேகமும் அங்ஙனம் பெருகின. இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. வீட்டுத் திண்ணையிலேயே யாவும் கேட்பின் வீதிக்கு வருவானேன் என்று ஊரவன் எண்ணத் தலைப்பட்டான். முன்வரிசையிற் றாளமிட்ட முதியவர் அவ்வாறு வீட்டிலேயே தங்கினார். ஒலி ஊர் முழுதும் பரவியது, கேள்வி குறைந்தது.

இரண்டாவது காரணம் திரையிசை. இதிலும் ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுதல் தகாது. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும், 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்தில் மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரமும் ஒலித்தன. கோயில் வாயிலை மிதியாதாரும் அவற்றால் அக்கருவியின் இனிமையை அறிந்தனர். குறை திரைப்பாட்டை வாசிப்பதில் இல்லை. வேண்டுகோளின் முறையில் உள்ளது. ஆலாபனை நடுவே துண்டுக் கடதாசியிற் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டபோது, நிரலை வகுக்கும் உரிமை வித்துவானை விட்டு நீங்கியது. எழுந்து போவது கேட்போனின் உரிமை. வாசிப்பவனின் கையைப் பிடித்து இழுப்பது அவனுடைய உரிமையன்று. முன்னையது கலைஞனைத் திருத்தும். பின்னையது அவனை ஏவலாளனாக்கும்.

மூன்றாவது, எண்ணிக்கையின்மேற் கொண்ட மயக்கம். ஓர் உபயகாரர் 4 குழுக்களை அழைத்தால் மறுநாள் உபயகாரர் 8 குழுக்களை அழைக்கின்றார். புலம்பெயர்ந்து வாழும் உறவினர் அனுப்பும் பொருள் இப்போட்டிக்கு எரிநெய்யாகின்றது. அவர் அன்பு போற்றத்தக்கது. ஆயினும் அப்பொருள் செல்லும் வழி ஆராயத்தக்கது. பல நாதசுரங்களும் பல தவில்களும் ஒரே மேடையில் ஒருங்கு முழங்குங்கால் அங்கே இராகம் விரிதற்கு இடமில்லை. யாவர்க்கும் பொதுவான மெட்டும் யாவரும் சேரக்கூடிய தீர்மானமுமே எஞ்சும். ஒவ்வொருவர்க்கும் சில மணித்துளி கிடைக்க, அதற்குள் தம் திறமையின் உச்சத்தைக் காட்ட ஒவ்வொருவரும் முனைவர். காட்சி பெரிதாயிருக்கும், கைத்தொலைபேசிகள் உயர்ந்து படம்பிடிக்கும், மறுநாள் அப்படத்தில் எவருடைய வாசிப்பையும் பிரித்தறிதல் அரிது.

நான்காவது காரணம் மக்கள் விரும்பி ஏற்றதன்று. 1983இன் பின் தொடர்ந்த போரும் ஊரடங்குச் சட்டமும் திருவிழா இரவுகளைப் பறித்தன. 1990 முதல் மாவிட்டபுரம் முதலிய வடபகுதிக் கோயில்களைச் சூழ்ந்த ஊர்கள் மக்களின்றிக் கிடந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தது. கலைஞர் பலர் கடல் கடந்தனர். விடியுமட்டும் வாசித்தும் கேட்டும் பழகிய தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே, இரவு வீட்டைவிட்டு வெளியேற அஞ்சிய ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன, கோபுரங்கள் உயர்ந்தன, தேர்கள் செய்யப்பட்டன. செவியைப் புதுப்பித்தற்குச் சிற்பியும் தச்சனும் போதார். இன்றைய இளைஞன் இராகம் வாசிக்கும்போது எழுந்து போகின்றான் எனக் குறைகூறுவோர், அவன் தந்தைக்கே அமர்ந்து கேட்கும் இரவு வாய்த்திலது என்பதை நினைத்தல் வேண்டும்.

இனி, பழைமையைப் போற்றுவோர் மறைத்துவிடும் செய்தி ஒன்றையும் கூறாது விடுதல் நடுவுநிலைமையாகாது. கோயில் வீதி யாவர்க்கும் திறந்த அரங்கு என மேலே கூறப்பட்டது. அது முழு உண்மையன்று. கட்டணம் இல்லை, ஆனாற் சாதி இருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட நேர்ந்தமை அண்மை வரலாறு. கோயில் வாயிலில் மறிக்கப்பட்டோர் மேளத்தை எத்துணைத் தொலைவில் நின்று கேட்டனர் என்பதை அக்கால இசையின் பொற்காலம் பேசுவோர் நினைப்பதில்லை. வாசித்தவர் நிலையும் முற்றிலும் வேறன்று. இரவில் 'வித்துவான்' எனக் கொண்டாடப்பட்டவர் பகலில் 'மேளகாரர்' எனப்பட்டார். பொன்னாடை போர்த்தியவர் வீட்டிலே அவர்க்கு ஒப்ப இருக்கை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தமிழகத்தில் இராசரத்தினம்பிள்ளை தம் கலைக்கு உரிய மதிப்பை வற்புறுத்திப் பெற்றமை செருக்கென்று சிலராற் பேசப்பட்டது. தாழ்த்தப்பட்ட தொழிலுக்கு நிமிர்வு தேடியவரின் செயலுக்குச் செருக்கு என்பது பொருத்தமான பெயரன்று.

இக்குறை இசையோடு தொடர்பற்றது என எண்ணற்க. குழந்தையைத் தந்தையின் தொழிலிற் பயிற்றுவதா என ஒவ்வொரு கலைஞர் குடும்பமும் எண்ணிப்பார்க்கும்போது, வருவாயை மட்டும் எண்ணுவதில்லை; மதிப்பையும் எண்ணுகின்றது. கல்வியில் உயர்ந்த மைந்தன் வேறு தொழிலை நாடினால் அவனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. அவன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஏனைய குடும்பங்களின் பிள்ளைகள் முன்வந்தனரா என்பதே கேட்கத்தக்கது. வயலினும் மிருதங்கமும் பயிலப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருள், நாதசுரமும் தவிலும் பயில அனுப்புவோர் எத்துணையர்? இவ்வினாவுக்கு விடை கூறத் தயங்குமளவும், மேளத்தின்மேற் கொண்ட பற்று வாய்ப்பேச்சே ஆகும்.

ஆயின், செய்யத்தக்கது யாது? பெருந்திட்டங்கள் வேண்டா, கோயில் வீதியின் அளவிலேயே செய்யக்கூடியன சில உள. உபயகாரர் 8 குழுக்களுக்குக் கொடுக்கும் பொருளை 2 குழுக்களுக்குக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம் ஒதுக்கலாம். சமா நிகழுமிடத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தியோ குறைத்தோ, கருவிகளின் இயற்கை ஒலி செல்லும் எல்லைக்குள் மக்களை அமர்த்தலாம். அந்நிலையில் வீட்டிலிருந்து கேட்டவர் வீதிக்கு வருவர். வருவோர் தொகை சிலவாயினும் அவர் கேட்க வந்தவராய் இருப்பர். விரும்பிய பாட்டைக் கேட்போர்க்கு முடிவில் ஒரு பகுதி ஒதுக்கி, அதுவரை மேடைக்குக் கடதாசி செல்லாது தடுக்கலாம். வாசிக்கும் இராகத்தின் பெயரையும் உருப்படியின் பெயரையும் ஒரு பலகையில் எழுதிவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை, பயனோ பெரிது.

பாடசாலைகளுக்கும் இதிற் பங்கு உண்டு. சங்கீத பாடத்திற் பரீட்சைக்கென இராக இலக்கணம் மனனம் செய்யும் மாணவர், தம் ஊர்க் கோயிலில் அவ்விராகம் ஒலிக்கும்போது அதனை இனங்காண்கின்றனரா என ஆசிரியர் கேட்டல் வேண்டும். ஆரோகண அவரோகணம் கூற வல்ல மாணவன் வீதியிற் கேட்ட கம்பீரநாட்டையை அறியானாயின், அவன் பெற்றது மதிப்பெண்ணே. திருவிழாக் காலத்தில் மாணவரை ஒருங்கே அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் மணலில் அமர்த்துதல், வகுப்பறையிற் பல நாள் கற்பித்தலினும் பயன் தரும். கலைவிழாக்களில் மேளத்தை விருந்தினரை வரவேற்கும் வாயிற்பணிக்கு மட்டும் அழைத்து, விருந்தினர் அமர்ந்தவுடன் நிறுத்தும் வழக்கத்தையும் பாடசாலைகள் கைவிடல் நன்று. மேடையில் அரைமணி நேரம் அளித்து, யாவரும் அமைதியாய் அமர்ந்து கேட்பின், இவ்விசை கேட்டற்குரியது என்பதனை மாணவர் சொல்லாமலே அறிவர்.

கோயில் வீதியின் மேளச் சமா குறையற்ற ஒன்றாய் என்றும் இருந்ததில்லை. அங்கே புறக்கணிப்பு இருந்தது. வீண் போட்டி இருந்தது. கணக்கு மயக்கமும் இருந்தது. ஆயினும் விலையின்றிக் கேட்கவும், தயக்கமின்றி எழுந்து போகவும், விரும்பின் விடியுமட்டும் அமர்ந்திருக்கவும் இடந்தந்த அவை அது. அவ்வவைமுன் நின்று தேறியவரே தெட்சணாமூர்த்தியும் பத்மநாதனும் பஞ்சாபிகேசனும். அவர்போல் ஒருவர் மீண்டும் தோன்றுவாரோ என ஏங்குவோர், அவர்முன் அமர்ந்திருந்தோர்போல் ஊருக்கு 50 பேரையேனும் உருவாக்க முயலுதல் வேண்டும். இவ்வாண்டுத் திருவிழாவிலும் எங்கோ ஓர் ஊரில் இளம் நாதசுரக் கலைஞன் ஒருவன் கலியாணியைக் கீழ்த்தாயியில் மெல்லத் தொடங்குவான். அவனுக்கு எதிரேயுள்ள மணலில் எத்துணைப் பேர் அமர்ந்திருப்பர் என்பதைப் பொறுத்தே அவன் அதனை ஒரு மணி நேரம் வாசிப்பதும் 10 நிமிடத்தில் முடிப்பதும் அமையும்.